பிறந்த குழந்தையின் கண்ணில் பீளையும் தொற்றும்: எப்போது துடைத்தால் போதும், எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்

நடு இரவில் பால் கொடுக்க எழுந்து பார்த்தால் குழந்தையின் ஒரு கண் திறக்கவில்லை. இமைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் மஞ்சளாகப் பீளை காய்ந்திருக்கிறது. என் மகனுக்கு இது பிறந்த 18-ஆம் நாள் நடந்தது. கை நடுங்கியபடி விளக்கைப் போட்டு, அழுத்தித் துடைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு இருந்தது வெறும் கண்ணீர்ப் பாதை அடைப்பு. அதே பீளை 3-ஆம் நாள் வந்திருந்தால் கதையே வேறு. அந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியாது.

பீளை எவ்வளவு வருகிறது என்று பார்த்து மட்டும் பயப்படவோ நிம்மதி அடையவோ வேண்டாம். வெண்விழி எந்த நிறத்தில் இருக்கிறது, இமை வீங்கியிருக்கிறதா, குழந்தை பிறந்து இன்று எத்தனையாவது நாள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த மூன்றையும் சுற்றித்தான் போகும்.

முதல் படி: துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள்

கைபேசியில் ஒரு படம் போதும். பீளையின் நிறமும் இமையின் வீக்கமும் அப்படியே பதிவாகிவிடும். மருத்துவரிடம் போகும்போது பெரும்பாலும் கண் சுத்தமாகத்தான் இருக்கும், "காலையில் நிறைய இருந்தது" என்று சொன்னால் எவ்வளவு என்று அவரால் கணிக்க முடியாது.

அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ, மருந்துக் கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய சலைனோ போதும். சுத்தமான பஞ்சையோ காஸ் துணியையோ நனைத்துப் பிழிந்து, மூடிய இமையின் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். காய்ந்த பீளை ஊறி இளகும். அதன் பிறகு மூக்கு ஓரத்திலிருந்து காது பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. ஒரு கண்ணுக்குப் பயன்படுத்தியது இன்னொரு கண்ணைத் தொடவே கூடாது. நன்றாக இருக்கும் கண்ணை முதலில் துடைத்துவிட்டு, பீளை உள்ள கண்ணை அடுத்துத் துடைப்பது நல்லது. வேலை முடிந்ததும் மறுபடியும் கை கழுவ வேண்டும். இந்தக் கடைசிக் கழுவலைத்தான் அவசரத்தில் மறந்துவிடுவோம்.

காய்ந்த பீளையை நகத்தால் உரிக்காதீர்கள். இமைகளைப் பலவந்தமாகப் பிரிக்கவும் வேண்டாம். ஊறினால் தானாகப் பிரியும்.

பீளை ஏராளமாக வருகிறது, கண் சிவந்திருக்கிறது, எப்படியும் மருத்துவமனைக்குப் போகத்தான் போகிறீர்கள் என்றால், கிளம்பும் நேரத்தில் முழுவதும் துடைக்க வேண்டாம். பரிசோதனைக்கு மாதிரி எடுக்க அவர்களுக்கு அந்தப் பீளை தேவைப்படும்.

இரண்டாம் படி: வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்

துடைத்த பிறகு ஜன்னலோரம் நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச்சை நேராகக் கண்ணில் அடித்தால் குழந்தை இமையை இறுக்கிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. குழந்தையை நிமிர்த்தித் தோளோடு சாய்த்துப் பிடித்தால் பெரும்பாலும் தானாகவே கண்ணைத் திறக்கும்.

வெண்விழி வெள்ளையாக இருந்து, இமை வீங்காமல், மூக்கு ஓரத்தில் மட்டும் ஈரமும் பீளையும் இருந்தால் தொற்றைவிடக் கண்ணீர்ப் பாதை அடைப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம். வெண்விழி சிவந்து, இமை தடித்து, துடைத்த சிறிது நேரத்திலேயே சீழ் மறுபடியும் கோத்துக்கொண்டால் அது தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இமையின் உள்பக்கத்தையும் வெண்விழியையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் அழற்சி வருவதைத்தான் கண் பொங்கியிருக்கிறது என்று சொல்கிறோம். பிறந்து 28 நாட்களுக்குள் இது வந்தால் மருத்துவர்கள் தனி நோயாகவே கருதுகிறார்கள், ஏனென்றால் அந்த வயதில் வரும் கிருமிகள் வேறு, அவை செய்யும் சேதமும் வேறு.

ஒரு சிவப்பைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். பிரசவத்தின்போது ஏற்படும் அழுத்தத்தால் வெண்விழியில் ரத்தத் திட்டு ஒன்று பளிச்சென்று தெரியலாம். பீளையும் வீக்கமும் இல்லாமல் திட்டாக மட்டும் இருந்தால் ஓரிரு வாரங்களில் கரைந்துவிடும். பிறந்த முதல் நாளில் இமைகள் கொஞ்சம் உப்பலாக இருப்பதும் அப்படித்தான்.

மூன்றாம் படி: நாட்களை எண்ணுங்கள்

எனக்கு இதைத்தான் யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும். எந்த நாளில் ஆரம்பித்தது என்பதிலிருந்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். நாட்கள் ஒன்றோடொன்று மேற்படியக் கூடியவை, அதனால் இதை வைத்து நீங்களே நோயைத் தீர்மானிக்கக் கூடாது. எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம்.

முதல் 24 மணி நேரத்தில் லேசான சிவப்பும் நீர் வடிதலும் வந்தால், பிறந்ததும் கண்ணில் போட்ட தடுப்பு மருந்தின் உறுத்தலாக இருக்கலாம். சில்வர் நைட்ரேட் போட்ட குழந்தைகளிடம் இது அதிகம் காணப்பட்டது. ஓரிரு நாளில் தானாக அடங்கும்.

2-ஆம் நாள் முதல் 5-ஆம் நாள் வரை உள்ள காலம்தான் மிக ஆபத்தானது. இரண்டு இமைகளும் திடீரென்று வீங்கி, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழ் கொட்டினால், பாலுறவால் பரவும் கொனோரியா என்ற கிருமியாக இருக்கலாம். தாயின் பிறப்புப் பாதையில் உள்ள தொற்று பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்குள் போவதால் வருவது இது. மற்ற பல கிருமிகள் கருவிழியில் புகுவதற்கு ஏற்கெனவே ஒரு கீறல் வேண்டும். இந்தக் கிருமிக்கு அது தேவையில்லை, நலமாக இருக்கும் கருவிழியையே அரித்து உள்ளே போய்விடும். ஒரே நாளில் கருவிழி புண்ணாகி ஓட்டை விழும் அளவுக்குப் போகக்கூடும். எனவே "நாளை காலை பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்.

ஒரு காலத்தில் குழந்தைகள் பார்வை இழப்பதற்கு இது பெரிய காரணமாக இருந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த கார்ல் கிரெடே, 1880-இல் பிறந்த குழந்தைகளின் கண்களில் 2% சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடத் தொடங்கினார். அவருடைய மருத்துவமனையில் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு வந்துகொண்டிருந்த இந்த நோய், சில ஆண்டுகளில் ஒருவருக்கும் கீழே குறைந்தது. உறுத்தல் காரணமாகப் பல நாடுகள் இப்போது அந்த மருந்தை விட்டுவிட்டு எரித்ரோமைசின் அல்லது டெட்ராசைக்ளின் களிம்புக்கு மாறியிருக்கின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பு மருந்து போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் எல்லா நாடுகளும் அப்படிச் செய்வதில்லை. சில நாடுகள் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை செய்து முன்கூட்டியே சிகிச்சை கொடுப்பதை நம்புகின்றன. உங்கள் குழந்தைக்குப் போட்டார்களா என்று பிரசவ அறிக்கையில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். போட்டிருந்தாலும், பாலுறவால் பரவும் இன்னொரு கிருமியான கிளமிடியாவை அது நம்பகமாகத் தடுப்பதில்லை.

5-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை ஆரம்பித்தால் கிளமிடியாவை நினைக்க வேண்டும். முதலில் தண்ணீர் போல வடிந்து, பிறகு சளி போலக் கெட்டியாகும். இமை வீங்கும், உள்பக்கம் நன்கு சிவந்திருக்கும். கொனோரியா அளவுக்கு வேகம் இருக்காது என்பதாலேயே இதைச் சாதாரணப் பீளை என்று விட்டுவிடுவார்கள். இதே கிருமி மூக்கு, தொண்டை வழியாக நுரையீரலுக்குப் போய், 1 முதல் 3 மாத வயதில் நிமோனியாவாக வெளிப்படலாம். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. விட்டு விட்டு வரும் குறுகிய இருமலும் வேகமான மூச்சும்தான் அடையாளம். கண்ணில் வெறும் சொட்டு மருந்து போட்டால் இதற்குப் போதாது என்பதற்கும் காரணம் இதுதான்.

ஹெர்ப்பீஸ் வைரஸ் குறைவாகத்தான் வரும், ஆனால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே வந்துவிடும். கண்ணைச் சுற்றியோ, தலையிலோ, வாயிலோ சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் இருந்தால் உடனே போக வேண்டும். மூளை வரை பரவக்கூடியது இது. பிரசவத்தில் வருவது தவிர, உதட்டில் கொப்புளம் உள்ள பெரியவர்கள் முத்தமிட்டாலும் குழந்தைக்கு வரலாம். யார் வருத்தப்பட்டாலும் சரி, அப்படிப்பட்டவர்களிடம் "ஆறட்டும், அப்புறம் கொஞ்சுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்டஃபைலோகாக்கஸ், நிமோகாக்கஸ் போன்ற சாதாரண பாக்டீரியாக்கள் எந்த நாளிலும் வரும், பெரும்பாலும் முதல் வாரம் கழிந்து. இவற்றில் பல சொட்டு மருந்துக்கே அடங்கிவிடும்.

2, 3 வாரம் ஆகி, வெண்விழி வெள்ளையாகவே இருக்க, கண் எப்போதும் குளமாக நிற்கிறது, தூங்கி எழுந்தால் ஒட்டுகிறது என்றால் கண்ணீர்ப் பாதை அடைப்புக்கே முதல் இடம்.

நான்காம் படி: எவ்வளவு அவசரம்?

இப்போதே கிளம்ப வேண்டியவை இவை:

- இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் இருப்பது
- துடைக்கத் துடைக்கச் சீழ் வருவது
- முதல் வாரத்திலேயே சிவப்போடு பீளை வருவது
- நீர்க்கொப்புளங்கள்
- கருவிழி மங்கலாகவோ வெண்மையாகவோ தெரிவது
- 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- பால் குடிக்க மறுப்பது, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடப்பது
- கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சிவந்து வலிக்கும் வீக்கம்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், கண்ணை விடுங்கள், அதுவே தனி அவசரம்.

28 நாட்களுக்கு உட்பட்ட குழந்தையின் வெண்விழி லேசாகச் சிவந்திருந்தாலும் அன்றே காட்டிவிட வேண்டும். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு இதில் இடமில்லை. வெண்விழி வெள்ளையாக, குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டு, பீளை மட்டும் இருந்தால் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டினால் போதும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

பஞ்சுக் குச்சியால் இமையின் உள்பக்கத்தைத் தடவி மாதிரி எடுப்பார்கள். குழந்தை அழும், சில நொடிகளில் முடிந்துவிடும். கிளமிடியா கிருமி உயிரணுக்களுக்குள் வாழ்வதால் வடியும் பீளை மட்டும் போதாது, சவ்விலிருந்தே எடுக்க வேண்டும். அதனால்தான் கொஞ்சம் அழுத்தித் தடவுகிறார்கள். கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்க்க ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல விளக்கில் பார்ப்பதும் உண்டு.

கொனோரியா என்று சந்தேகம் வந்தாலே முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசி மருந்து தொடங்குவார்கள், பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன். மஞ்சள் காமாலை அதிகம் உள்ள குழந்தைக்கு அதற்குப் பதிலாக வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள், அதனால் காமாலை இருந்தால் நீங்களே நினைவுபடுத்துங்கள். கண்ணைச் சலைனால் அடிக்கடி கழுவுவார்கள். கிளமிடியாவுக்கு வாய்வழி மருந்து: எரித்ரோமைசின் என்றால் 14 நாள், அசித்ரோமைசின் என்றால் வழக்கமாக 3 நாள். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு இந்த மருந்துகள் கொடுக்கும்போது, இரைப்பையின் வாய் தடித்துப் பால் பீய்ச்சியடித்தாற்போல வாந்தியாக வருவது அரிதாக நடக்கிறது. அப்படி வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் சொல்லுங்கள். ஹெர்ப்பீஸுக்கு அசைக்ளோவிர் மருந்தை நரம்பு வழியாகக் குறைந்தது 14 நாள் ஏற்றுவார்கள்.

கொனோரியாவோ கிளமிடியாவோ உறுதியானால் தாய்க்கும் அவருடைய துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் பேச்சு திசை மாறுகிறது, யாரால் வந்தது என்று. கிளமிடியா உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை, நீண்ட காலம் தெரியாமலே உடம்பில் இருக்கலாம். அந்த நேரத்தில் யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். மூவருக்கும் மருந்து போய்ச் சேர்ந்தால் போதும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா என்றால், பொதுவாக வேண்டியதில்லை. மார்பில் ஹெர்ப்பீஸ் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது.

சொட்டு மருந்து விடும் முறை

குழந்தையைப் படுக்க வைத்து, கைகளைச் சேர்த்துத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் பீளையைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து பீளையில்தான் போய்ச் சேரும். கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்தால் ஒரு சின்னப் பை போல வரும், அதில் ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் மற்றது கன்னத்தில்தான் வழியும். குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் போராட வேண்டாம். மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விட்டுவிட்டுக் காத்திருங்கள், கண் திறக்கும்போது உள்ளே போகும். குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ பட்டுவிடக் கூடாது. இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள். களிம்பு என்றால் ஒரு அரிசி நீளத்துக்குக் கீழ் இமையின் உள்ளே வைத்தால் போதும்.

கண் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், சொன்ன நாள்வரை போடுங்கள். மருந்து தொடங்கி 2 நாள் ஆகியும் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் மறுபடியும் போக வேண்டும்.

வீட்டில் மீந்திருக்கும் சொட்டு மருந்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஹெர்ப்பீஸ் தொற்று வெறிகொண்டு பரவும். தாய்ப்பாலைக் கண்ணில் விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். குழந்தையின் வயிற்றுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை, ஆனால் மேலே சொன்ன தொற்றுகளுக்கு அது சிகிச்சையாகாது, அதை நம்பிக் காத்திருக்கும் நாட்கள்தான் ஆபத்து. கண்மை சிலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது, குழந்தைக்கு அது வேண்டாம். எண்ணெயும் வேண்டாம், எந்தச் சாறும் வேண்டாம்.

கண்ணீர்ப் பாதை அடைப்பும் மசாஜும்

கண்ணீர் இமையின் உள் ஓரத்தில் இருக்கும் இரண்டு ஊசித் துளைகள் வழியாக வடிந்து, மூக்கோரத்தில் உள்ள கண்ணீர்ப் பையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் போகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். அந்தக் குழாயின் கீழ் முனையில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. பிறக்கும்போதோ அதை ஒட்டியோ அது திறந்துகொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்குத் திறக்கத் தாமதமாகும். பிறந்த புதிதில் கண்ணீர் குறைவாகச் சுரப்பதால் முதல் நாட்களில் அடைப்பு தெரியாது, சுரப்பு கூடிய பிறகு தேங்கி வழிய ஆரம்பிக்கும்.

10 குழந்தைகளில் ஏறத்தாழ 9 பேருக்கு ஒரு வயதுக்குள் இது தானாகச் சரியாகிவிடுகிறது. மசாஜ் அதற்குக் கைகொடுக்கும். நகத்தை வெட்டி, கையைக் கழுவி, சுண்டுவிரலையோ ஆள்காட்டி விரலையோ கண்ணின் உள் மூலைக்கும் மூக்குக்கும் நடுவே வையுங்கள். அங்கே எலும்பின் விளிம்பு தட்டுப்படும். உள்நோக்கி அழுத்தி, அந்த அழுத்தத்தை விடாமல் மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுங்கள். தடவிக் கொடுப்பது மசாஜ் ஆகாது. பையில் உள்ள நீர் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு அந்தச் சவ்வை விலக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் அழுத்தம் தேவை. நான் முதல் ஒரு மாதம் பயந்து பயந்து மேலே மேலே தடவிக்கொண்டிருந்தேன். மருத்துவர் என் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்திக் காட்டிய பிறகுதான் அளவு புரிந்தது. நீங்களும் ஒரு தடவை அப்படிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு தடவைக்கு 5 முதல் 10 இழுப்பு, நாளுக்கு 3, 4 தடவை. பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. அழுத்தும்போது மூலையிலிருந்து சளி போலக் கொஞ்சம் வெளியே வந்தால் பயப்படாமல் துடைத்துவிடுங்கள். வெண்விழி வெள்ளையாக இருக்கும்வரை ஆன்டிபயாடிக் சொட்டு தேவையில்லை. போட்டால் சில நாள் பீளை குறையும், நிறுத்தியதும் திரும்பும், அடைப்பு அப்படியே இருக்குமே.

பிறந்தபோதே மூக்கோரத்தில் நீல நிறத்தில் சின்ன உருண்டை போல வீங்கியிருந்தால், கண்ணீர்ப் பை மேல் முனை, கீழ் முனை இரண்டிலும் அடைத்து உப்பியிருக்கிறது என்று பொருள். அது மூக்குக்குள்ளும் புடைத்து மூச்சைத் தடுக்கலாம், பச்சைக் குழந்தைகள் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். அந்த இடம் சிவந்து சூடாகிவிட்டால் பையில் சீழ் பிடித்திருக்கிறது, மசாஜை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கண்ணில் நீர் வழிவதெல்லாம் இந்த அடைப்பு என்று விட்டுவிடவும் கூடாது. நீர் வழிவதோடு வெளிச்சத்தைக் கண்டாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு இமையை இறுக்குகிறது, கருவிழி பெரிதாகவோ புகை படிந்தது போலவோ தெரிகிறது என்றால் அது பிறவியிலேயே வரும் கண் அழுத்த நோயாக இருக்கலாம். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், 12-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். "பெரிய அழகான கண்" என்று எல்லோரும் சொல்லும் குழந்தைகளில் சிலருக்கு இப்படி இருந்திருக்கிறது. கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகப் பளபளத்தாலும் உடனே காட்டுங்கள்.

ஒரு வயது தாண்டியும் கண் குளமாகவே இருந்தால் கண் மருத்துவர் மெல்லிய கம்பி ஒன்றை அந்த ஊசித் துளை வழியாக விட்டுச் சவ்வைத் திறப்பார். பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள், சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். என் மகனுக்கு அது தேவைப்படவில்லை. ஒன்பதாம் மாதத்தில் ஒரு வாரமாகக் காலையில் பஞ்சு எடுக்கவே இல்லை என்பது எனக்குத் திடீரென்று உறைத்தது.